கல்கத்தா கோப்பையும் கட்டணச் சேனலும்

மலர்க் குழுவிலிருந்து போன் வந்தது. "விளையாட்டைப் பத்தி ஒரு கட்டுரை குடுப்பா. ஆனா கிரிக்கெட் மட்டும் வேண்டாம், அதுக்கு ஏற்கெனவே நாலு பேர் இருக்காங்க!" என்றார்கள். சரி, ரக்பி பற்றி எழுதுகிறேன் என்றேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அன்பு நண்பர்களே, நீங்களும் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். இந்த ஆட்டத்தின் கதையில் நம் நாட்டு வெள்ளி ரூபாயும் இருக்கிறது, நான் பிழைப்பு நடத்தும் டி.வி. சிக்னலும் இருக்கிறது.

நான் 2011 பேட்ச், இ.சி.இ. வீடியோவை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு அனுப்புவது சம்பந்தமான வேலை. கம்பெனி வேலையாக இரண்டு வருடம் வேல்ஸ் நாட்டின் தலைநகர் கார்டிஃபில் இருந்தேன். அங்கே இருந்துகொண்டு ரக்பி தெரியாது என்று சொல்வது, மதுரையில் குடியிருந்துகொண்டு சித்திரைத் திருவிழாவா, அது என்ன என்று கேட்பது மாதிரி! ஸ்டேடியம் ஊருக்கு நட்ட நடுவில், ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. சர்வதேச மேட்ச் நாளில் சுற்றுவட்டாரச் சாலைகளையே மூடிவிடுவார்கள்.

ஆட்டம் தெரியாதவர்களுக்கு ஒரு வரி: பக்கத்துக்குப் பதினைந்து பேர், முட்டை வடிவப் பந்து, கையால் எறிந்தால் பின்பக்கம்தான் எறிய வேண்டும், முன்னேற வேண்டுமானால் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும் அல்லது காலால் உதைக்க வேண்டும். எதிரணிக் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைத்தால் 'ட்ரை'. வைத்ததற்கு ஏன் 'முயற்சி' என்று பெயர்? ஆரம்ப காலத்தில் அப்படி வைத்ததற்குப் புள்ளியே கிடையாது. கோலுக்கு உதைத்துப் பார்க்க ஒரு வாய்ப்பு, அவ்வளவுதான். இன்று அதற்கு 5 புள்ளி.

இனி வெள்ளி ரூபாய்க் கதை. 1873இல் கல்கத்தாவில் இருந்த வெள்ளைக்காரர்கள் 'கல்கத்தா ஃபுட்பால் கிளப்' என்று ஒன்றை ஆரம்பித்தார்கள். பெயர்தான் ஃபுட்பால், ஆடியது ரக்பி. கொஞ்ச காலம் ஓகோ என்று நடந்தது. பிறகு ஆட்டக்காரர்களை அனுப்பிக்கொண்டிருந்த ராணுவப் பிரிவு ஊரை விட்டுப் போனது. போலோவும் டென்னிசும் வந்தன. நம் வெயிலுக்கு அவைதானே தோது! கிளப்பில் இலவசமாக ஊற்றிக்கொடுத்ததை நிறுத்தியதும் கூட்டம் இன்னும் குறைந்தது என்று ஒரு தகவலும் உண்டு. (இதில் ஆச்சரியம் என்ன?) 1878இல் கடையைக் கட்டினார்கள். ஆனால் வங்கியில் பணம் பாக்கி இருந்தது. அதை வெள்ளி ரூபாயாக எடுத்து, 270 ரூபாயை உருக்கி ஒரு கோப்பை செய்து லண்டனில் இருந்த ரக்பி சங்கத்துக்கு அனுப்பி வைத்தார்கள். மூன்று கைப்பிடிகளும் நாகப்பாம்பு, மூடியின் மேல் யானை. 1879 முதல் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் மோதுவது இந்தக் கல்கத்தா கோப்பைக்காகத்தான்.

கடையைக் கட்டிய கிளப்பின் கோப்பைக்காக இன்றும் அடித்துக்கொள்கிறார்கள்! அந்த ஐந்து வருடத்தில் ஆட்டத்தின் விதிகள் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. யார் ஆட முடியும், யார் பார்க்க முடியும், செலவை யார் ஏற்பது என்ற மூன்றும் மாறியதால்தான் கல்கத்தாவில் ரக்பி போனது. அதன் பிறகு நடந்த ரக்பி வரலாறு முழுவதையும் இந்த மூன்று கேள்விகளை வைத்தே சொல்லிவிடலாம் என்பது என் கட்சி.

முதலில் 'யார் ஆட முடியும்'. வடக்கு இங்கிலாந்தில் சுரங்கத்திலும் மில்லிலும் வேலை செய்தவர்கள் நன்றாக ஆடினார்கள். ஆனால் மேட்சுக்குப் போனால் அன்றைய கூலி போச்சு. "சம்பளம் வேண்டாம், இழந்த கூலியை மட்டும் கொடுங்கள்" என்றார்கள். லண்டன் கனவான்கள் மறுத்துவிட்டார்கள். காசு வாங்கினால் அது விளையாட்டு இல்லையாம்! 1895 ஆகஸ்ட் 29 அன்று ஹடர்ஸ்ஃபீல்டில் ஒரு ஓட்டலில் கூடிய இருபதுக்கும் மேற்பட்ட வடக்குக் கிளப்புகள் பிரிந்து போயின. அந்தப் பிரிவுதான் பின்னால் 13 பேர் ஆடும் 'ரக்பி லீக்' ஆனது. காசு தொடாத பக்கம் 'ரக்பி யூனியன்'. நான் எழுதுவது இந்த யூனியனைப் பற்றி. வேல்ஸில் மட்டும் சுரங்கத் தொழிலாளியும் யூனியனிலேயே தங்கினான். அதனால்தான் அங்கே அது கனவான்கள் ஆட்டமாக இல்லாமல் ஊர் ஆட்டமாக நின்றது. மறைவில் கொஞ்சம் காசு கை மாறியது வேறு விஷயம்.

அடுத்து ரேடியோ. 1927 ஜனவரி 15, லண்டன் ட்விக்கன்ஹாமில் இங்கிலாந்து–வேல்ஸ். பி.பி.சி. ஒரு விளையாட்டை நேர்முக வர்ணனையாகக் கொடுத்தது அதுதான் முதல் தடவை. வர்ணனையாளர் டெடி வேக்லம். கண்ணுக்குத் தெரியாதவர்களிடம் எப்படிப் பேசுவது? தயாரிப்பாளர் ஒரு யுக்தி செய்தார். பார்வையிழந்த ஒரு ரக்பி ரசிகரைக் கூட்டி வந்து உட்காரவைத்து, "இவருக்கு ஆட்டத்தைச் சொல்லுங்கள், போதும்" என்றார். மைதானத்தை எட்டுக் கட்டமாகப் பிரித்த படம் ரேடியோ வார இதழில் அச்சாகியிருந்தது. ஒருவர் வர்ணிக்க, இன்னொரு குரல் பந்து இருக்கும் கட்டத்தின் எண்ணைச் சொல்லிக்கொண்டே வந்தது. கேட்பவர் படத்தில் விரலை வைத்துத் தொடரலாம். நம் டேட்டா கம்ப்ரஷன் பேராசிரியர்கள் இதைப் பாராட்டியிருப்பார்கள்: ஒரு மைதானம், மூன்றே பிட்!

1938 மார்ச்சில் டி.வி. வந்தது. முதலில் காட்டியது எதை? இங்கிலாந்து–ஸ்காட்லாந்து மேட்ச், அதாவது நம்ம கல்கத்தா கோப்பை! ஸ்காட்லாந்து 21–16 என்று ஜெயித்தது. லண்டன் கோபுரத்தின் எல்லைக்குள் டி.வி. வைத்திருந்த கொஞ்சம் பேர்தான் பார்த்திருப்பார்கள்.

ஆனால் அந்தக் 'கொஞ்சம் பேர்' அறுபது, எழுபதுகளில் தேசம் முழுவதும் ஆனார்கள். ஸ்காட்லாந்தின் ஹாவிக் என்ற சின்ன ஊரின் பள்ளி ஆசிரியரான பில் மெக்லாரன் 1953இலிருந்து 2002 வரை பி.பி.சி.யில் வர்ணனை செய்தார். ரக்பி விதி தெரியாத வீடுகளுக்கும் அவர் குரல் தெரியும். 1973 ஜனவரி 27 அன்று கார்டிஃபில் பார்பேரியன்ஸ் அணி நியூசிலாந்தை 23–11 என்று வென்றபோது, ஆரம்ப நிமிடங்களில் ஏழு பேர் கை மாறிய பந்தை கேரத் எட்வர்ட்ஸ் கோட்டைத் தாண்டிக் கொண்டுபோய் வைத்தார். அன்று மெக்லாரனுக்கு உடம்பு சரியில்லை. வர்ணித்தவர் முன்னாள் ஆட்டக்காரர் க்ளிஃப் மார்கன். அந்த ட்ரையை நேரில் பார்த்தவர்களைவிட அதைப் பார்த்ததாகச் சொல்பவர்கள் பல மடங்கு. எல்லாம் டி.வி. செய்த வேலை.

இதிலே எனக்கு மிகவும் பிடித்த பகுதி ஒன்றுண்டு. வேல்ஸ் மக்களுக்குத் தனி மொழி இருக்கிறது. ஆங்கிலத்துக்குச் சொந்தமே இல்லாத மாதிரி ஒலிக்கும். ஐக் டேவிஸ் என்ற ஆசிரியர் ரேடியோவில் வெல்ஷ் மொழியில் ரக்பி பேசுவதற்காகச் சொற்களைத் தேடித் தேடிப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். 'ட்ரை'க்கு அவர்கள் மொழியிலேயே 'கைஸ்' என்கிறார்கள், அதற்கும் முயற்சி என்றுதான் பொருள். பிற்பாடு அவருடைய மகனும் அதே மொழியில் வர்ணனையாளர் ஆனார். பொங்கல் டெஸ்டுக்குச் சென்னை வானொலியில் தமிழ் வர்ணனை கேட்ட கதையை அப்பா சொல்லக் கேட்டு வளர்ந்தவன் நான். மேட்ச் இல்லாவிட்டால் அந்த வார்த்தைகளும் இல்லை என்பது எனக்குச் சட்டென்று புரிந்தது.

இப்போது 1995. முக்கியமான வருடம், கொஞ்சம் நின்று பார்க்கலாம். ரூபர்ட் மர்டாக் தன் கட்டணச் சேனல்களுக்காக ஆஸ்திரேலிய ரக்பி லீக் ஆட்டக்காரர்களைப் பணத்தைக் கொட்டி வாங்கிக்கொண்டிருந்தார். எதிர்ப்பக்கம் கெர்ரி பேக்கர். ஆமாம், எழுபதுகளின் கடைசியில் கலர் உடையும் ராத்திரி மேட்சுமாகக் கிரிக்கெட்டைப் புரட்டிப் போட்டாரே, அதே பேக்கர்! காசு தொடாத யூனியன் சங்கங்களுக்கு உதறல் எடுத்தது. தங்கள் பையன்களையும் தூக்கிக்கொண்டு போய்விடுவார்களே! அந்த நேரம் பார்த்து தென்னாப்பிரிக்காவில் உலகக் கோப்பை. ஜூன் 18 அன்று நியூசிலாந்தின் இருபது வயது ஜோனா லோமு இங்கிலாந்துக்கு எதிராக நாலு ட்ரை அடித்தார். ஒரு மலை ஓடி வந்தது போல என்று சொன்னால் மிகையாகாது. ஜூன் 23 அன்று தென்னாப்பிரிக்கா, நியூசிலாந்து, ஆஸ்திரேலியா மூன்று சங்கங்களும் மர்டாக்குடன் பத்து வருடத்துக்கு ஒப்பந்தம் அறிவித்தன: சுமார் 55 கோடி டாலர். அடுத்த நாள்தான் இறுதிப் போட்டி. மண்டேலா பச்சை ஜெர்சி போட்டுக்கொண்டு வந்து கோப்பையைக் கொடுத்த காட்சி எல்லோருக்கும் தெரியும். அதற்கு முந்தின நாளே ஆட்டம் கை மாறிவிட்டது என்பது பலருக்குத் தெரியாது.

அதற்குப் பிறகும் பேக்கர் பின்னணியில் ஒரு போட்டி சர்க்கஸ் முளைக்கப் பார்த்தது. பல நாட்டு முன்னணி ஆட்டக்காரர்களிடம் ரகசியமாகக் கையெழுத்து வாங்கினார்கள். உலக சாம்பியன்களான தென்னாப்பிரிக்க வீரர்கள் தங்கள் சங்கத்தோடேயே நின்றதால் அது படுத்துவிட்டது. ஆகஸ்ட் கடைசியில் பாரிசில் கூடிய சர்வதேசச் சங்கம், இனி ஆட்டக்காரர்கள் சம்பளம் வாங்கலாம் என்று அறிவித்தது. ஹடர்ஸ்ஃபீல்ட் பிரிவினைக்கு நூறு வருடம் நிறைய இரண்டு மூன்று நாள்தான் பாக்கி! சுரங்கத் தொழிலாளி கேட்டபோது கிடைக்காதது சேனல்காரர் கேட்டபோது கிடைத்துவிட்டது. எனக்கு இதில் இன்றும் கோபம் உண்டு.

சம்பளம் என்று வந்தபின் பணம் எங்கிருந்தாவது வர வேண்டுமே? 1996இல் இங்கிலாந்து சங்கம் தன் சொந்த மைதான மேட்சுகளை ஐந்து சீசனுக்கு 8.75 கோடி பவுண்டுக்கு ஸ்கை சேனலிடம் தனியாக விற்றது. பொதுச் சொத்தை நீ மட்டும் எப்படி விற்கலாம் என்று மற்ற நாடுகள் கொதித்து, இங்கிலாந்தைப் போட்டியை விட்டே வெளியேற்றின. பிறகு சமாதானம் ஆனது. ஆனாலும் 2002 வரை ட்விக்கன்ஹாம் மேட்ச் நேரடியாகப் பார்க்க டிஷ்ஷும் சந்தாவும் வேண்டும் என்ற நிலை. அதற்கப்புறம் ஆறு நாடுகள் போட்டி முழுவதும் இலவசச் சேனலுக்குத் திரும்பியது.

நம் நாட்டில் இதற்கு ஒரு சட்டம் இருக்கிறது, கவனித்திருப்பீர்கள். தேசிய முக்கியத்துவம் உள்ள மேட்சின் சிக்னலை தூர்தர்ஷனோடு பகிர வேண்டும் என்று 2007இல் வந்தது. நம் ஹாஸ்டல் டி.வி. ரூமில் கேபிள்காரர் கழற்றிவிட்ட வாரங்களில் அது எவ்வளவு உதவியது என்று என் பேட்ச்காரர்களைக் கேளுங்கள்! பிரிட்டனிலும் ஒரு பட்டியல் உண்டு. ரக்பி உலகக் கோப்பை இறுதிப் போட்டி இலவசச் சேனலுக்கு உரியது. ஆறு நாடுகள் போட்டியோ இரண்டாம் பிரிவில். ஹைலைட்ஸ் காட்டினால் போதும். 2023இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் வேல்ஸ் விவகாரக் குழு அதை முதல் பிரிவுக்கு மாற்றச் சொன்னது. அரசு ஏற்கவில்லை. ரக்பி சங்கங்களும் விரும்பவில்லை. ஏலத்தில் கேட்கும் ஆட்கள் குறைந்தால் விலையும் குறையும், கிராமத்து மைதானத்துக்கு விளக்குப் போடவும் பெண்கள் அணிக்குச் சம்பளம் கொடுக்கவும் பணம் ஏது என்பது அவர்கள் வாதம்.

வாதம் பொய்யில்லை. ஆனால் கட்டணச் சேனல் பணம் வந்தும் இங்கிலாந்துக் கிளப்புகள் கதை என்ன ஆனது? 2022 இலையுதிர் காலத்தில் வூஸ்டர், வாஸ்ப்ஸ், 2023 ஜூனில் லண்டன் ஐரிஷ் என்று மூன்று கிளப்புகள் ஒரே சீசனில் கவிழ்ந்தன. 13 அணி 10 ஆனது. பிரான்சில் வேறு வழி: கிளப் மேட்சுகள் கட்டணச் சேனலில், ஆறு நாடுகள் போட்டியில் தேசிய அணியின் மேட்ச் இலவசச் சேனலில். கூட்டத்துக்கும் குறைவில்லை. வாரா வாரம் பார்ப்பவன் காசு கட்டட்டும், வருடத்துக்கு ஐந்து தடவை நாடே பார்ப்பதைப் பூட்டி வைக்காதே. எனக்கு இதுதான் நியாயமாகப் படுகிறது. அதே சமயம் இலவசம் என்பதும் சர்வரோக நிவாரணி இல்லை. வேல்ஸ் மேட்சுகள் இலவசமாகத்தான் வந்தன, 2024, 2025 இரண்டு வருடமும் ஐந்துக்கு ஐந்து தோற்றார்கள்!

தொழில் முறையில் ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன். இன்டர்நெட்டில் கொடுத்துவிட்டால் சேனலே வேண்டாமே என்று நண்பர்கள் கேட்கிறார்கள். கோபுரத்திலிருந்து வரும் டி.வி. சிக்னலைப் பத்துப் பேர் பார்த்தாலும் பத்து லட்சம் பேர் பார்த்தாலும் அனுப்புபவருக்கு ஒரே செலவு. ஸ்ட்ரீமிங்கில் அப்படி இல்லை. ஒவ்வொரு புது ஆளுக்கும் தனி இலை போட்டுப் பரிமாற வேண்டும். கல்யாணத்தில் எதிர்பாராமல் கூட்டம் வந்தால் பந்தியில் என்ன ஆகுமோ அதுதான் இங்கேயும். 2019 உலகக் கோப்பையை நியூசிலாந்தில் ஸ்பார்க் நிறுவனம் ஸ்ட்ரீமிங்கில் கொடுத்தது. தென்னாப்பிரிக்காவோடு மோதிய முதல் பெரிய மேட்சிலேயே பல வீடுகளில் படம் தடுமாற, மேட்ச் நடக்கும்போதே இலவச டி.வி. சேனல் ஒன்றில் திறந்துவிட வேண்டியதாயிற்று. இன்று நுட்பம் எவ்வளவோ முன்னேறிவிட்டது. இருந்தாலும் இலைக் கணக்கு மாறவில்லை.

நம் பக்கமும் காற்று அடிக்கிறது. 2025 ஜூனில் மும்பையில் ஏழு பேர் ஆடும் ரக்பிக்கு இந்தியாவின் முதல் லீக் நடந்தது. நேரடி ஒளிபரப்போடுதான். முதல் சாம்பியன் சென்னை புல்ஸ். நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

2025 மார்ச்சில் பிரிட்டனில் ஆறு நாடுகள் போட்டிக்குப் புது ஒப்பந்தம் கையெழுத்தானது: வருடத்தின் 15 மேட்சில் ஐ.டி.வி. 10, பி.பி.சி. 5. இரண்டுமே இலவசம். கட்டணச் சேனலுக்குப் போய்விடும் என்று பயந்திருந்த என் கார்டிஃப் நண்பர் அன்று போன் செய்து கத்தினார். அவர் அப்பா ஓய்வு பெற்ற இரும்பாலைத் தொழிலாளி. பென்ஷனில் ஸ்கை சந்தா கட்ட மாட்டேன் என்று பிடிவாதமாக இருப்பவர். நண்பர் சந்தோஷமாக விஷயத்தைச் சொன்னதும் பெரியவர் கேட்டது ஒன்றே ஒன்று: எத்தனை வருடத்துக்கு? 2029 வரை என்றாராம். அதற்குள் எனக்கு எண்பது ஆகிவிடும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று டீ போடப் போய்விட்டாராம். பேரனுக்கு இப்போது வயது ஆறு.