மோட்டார் காரின் அடிப்பாகத் துரு

மோட்டார் காரின் தரைத்தகடு, கதவுகளுக்குக் கீழே நீளவாட்டில் ஓடும் பெட்டி உத்தரங்கள், சக்கர வளைவுகள், சஸ்பென்ஷன் தாங்கிகள், பிரேக் குழாய்கள் முதலிய கீழ்ப்பாகங்களில் உண்டாகும் இரும்பரிப்பே அடிப்பாகத் துரு எனப்படுவது. பழைய கார்களில் தனியாக ஒரு சேஸிஸ் சட்டம் இருந்து பாரத்தைச் சுமந்தது. பிற்காலத்துக் கார்களிலோ, சுமார் 1 மில்லிமீட்டர் கனமுள்ள தகடுகளை மடித்துப் பற்றவைத்து அமைத்த உடற்கூடே சட்டத்தின் வேலையையும் செய்வதால், அடியில் விழும் ஓட்டை வெறும் அவலட்சணமாக நில்லாமல் பயணிகளின் க்ஷேமத்தைத் தொடும் விஷயமாகிவிடுகிறது. ஆயினும், கதவில் ஒரு கீறல் விழுந்தால் பதறுகிற சொந்தக்காரர் அடிப்பாகத்தைக் குனிந்து பார்ப்பது அபூர்வம்.

இரும்பு துருப்பிடிக்க நீரும் பிராணவாயுவும் சேர்ந்திருக்க வேண்டும். ஈரம் படிந்த தகட்டின் மேலேயே நுண்ணிய மின்கலங்கள் உருவாகி, ஓரிடத்தில் இரும்பு கரைய, மற்றோரிடத்தில் பிராணவாயு அந்த மின்னோட்டத்தை ஏற்றுக்கொள்கிறது. இதில் ஒரு விசித்திரம் உண்டு: சேறு அப்பிய இடத்துக்குப் பிராணவாயு குறைவாகவே எட்டும், ஆனால் கரைவது அந்த மூடுண்ட இடந்தான். உப்பு கலந்த நீர் மின்சாரத்தை எளிதாகக் கடத்துவதோடு, அதிலுள்ள குளோரைடு இரும்பின் மேற்படலத்தையும் குலைத்துவிடும். விளைந்த துரு, தான் தின்ற இரும்பைப்போலச் சில மடங்கு இடத்தை அடைத்துக்கொள்வதால், வர்ணத்தை உள்ளிருந்து நெம்பித் தூக்கி, வெங்காயச் சருகுபோல அடுக்கடுக்காக உரிகிறது.

இத்துன்பம் மிகுதியாகக் காணப்படுவது பனி பெய்யும் நாடுகளில். சாதாரண உப்பு நீரின் உறைநிலையைச் சுமார் பூஜ்யத்துக்குக் கீழ் 21 டிகிரி செல்சியஸ் வரை தாழ்த்த வல்லது. ஆகவே சாலைப் பனியை உருக்க அதைத் தூவும் வழக்கம் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் 1938 ஆம் ஆண்டு பரீட்சார்த்தமாகத் தொடங்கி, இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பின் எங்கும் பரவிற்று. மக்னீசியம் குளோரைடும் கால்சியம் குளோரைடும் இன்னும் பொல்லாதவை. சாதாரண உப்பு காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தை எட்டினால்தான் ஈரத்தை இழுத்துக் கரையும், மக்னீசியம் குளோரைடுக்கோ 33 சதவீதமே போதும். ஆதலால் வெயில் அடிக்கும் நாளிலும் அடித்தகடு நனைந்தே இருக்கும். குளிருக்கு அஞ்சி உப்பு வழியும் காரை வெதுவெதுப்பான கொட்டகையில் நிறுத்துவோர் நன்மை செய்வதாக நினைக்கிறார்கள். உண்மையில் வெப்பம் ஏற ஏற அரிப்பும் துரிதப்படுவதால், வெளியே உறைபனியில் விடப்பட்ட வண்டியே அன்றிரவு குறைவாகத் துருவேறும்.

அடிப்பாகம் கெடுவது பெரும்பாலும் உள்ளிருந்து வெளியே என்பதை மறக்கலாகாது. பெட்டி உத்தரங்களுக்குள் புகுந்த நீர் வெளியேற அடியில் சிறு வடிகால் துளைகள் வைத்திருப்பார்கள். அவை மண்ணாலோ, போதாக்குறைக்கு அஜாக்கிரதையாக அடித்த கோட்டிங்காலோ அடைபட்டால், நீர் உள்ளேயே தங்கி, வெளிவர்ணம் குலையாதிருக்கும்போதே தகடு சல்லடையாகிவிடும். பூச்சுகளைப் பற்றிய சர்ச்சையை இந்த நோக்கில்தான் தீர்க்க வேண்டும். தாரும் ரப்பரும் கலந்த கெட்டியான பூச்சு கல் தெறிப்பைத் தாங்கும். நாளடைவில் இறுகி வெடித்ததும், வெடிப்பில் நுழைந்த உப்புநீரை இரும்போடு அணைத்துப் பிடித்துக்கொள்ளும் குணமும் அதற்கு உண்டு. மெழுகு, ஆட்டு ரோமக் கொழுப்பு, இளகிய எண்ணெய் ஆகியவை கண்ணுக்கு அழகற்றவை, கை பட்டால் ஒட்டுபவை, ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டியவை. எனினும் இடுக்குகளில் ஊர்ந்து பரவி நீரை விலக்குவதால், பழைய வண்டிக்கு இவையே மேல் என்பது இக்கட்டுரையாளரின் அபிப்பிராயம். பெட்ரோலிய எண்ணெய் ரப்பர் புஷ்களை ஊதச்செய்யும் என்பதையும், பிரேக் டிஸ்க்கிலும் சைலன்சரிலும் எதுவும் படக்கூடாது என்பதையும் அடிப்பவர் நினைவில் வைக்க வேண்டும்.

தொழிற்சாலைகளும் சும்மா இருக்கவில்லை. உடற்கூட்டையே பிரைமர்த் தொட்டியில் முழுக்காட்டி மின்சாரத்தால் படியவைக்கும் முறை 1970-களின் பிற்பகுதியில் செம்மைப்பட்டது. போர்ஷே அதே தசாப்தத்தின் நடுவிலும், ஆடி தன் 100 மாதிரியில் 1985 ஆம் ஆண்டிலும் துத்தநாகம் பூசிய தகடுகளுக்கு மாறின. இருந்தும் சேஸிஸ் சட்டம் துருவேறிய பிக்கப் வண்டிகளின் பொருட்டு டொயோட்டா 2016 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் 340 கோடி டாலர் வரை மதிப்பிடப்பட்ட சமரசத்துக்கு இணங்க நேர்ந்தது.

நம் பிரதேசத்தில் பனியில்லை, கடல் இருக்கிறது. காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் மண்டபம் என்னும் கடலோர ஊரில் உலோகங்களைத் திறந்தவெளியில் வைத்து அரிப்பை ஆராய்ந்துவருவது, அக்கடற்காற்றின் கொடுமையை உத்தேசித்தே. கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரமாக வாசம்செய்யும் காருக்கு நல்ல தண்ணீரால் அடிப்பாகத்தைக் கழுவி உலரவிடுவதே முதற் சிகிச்சை. மழைக்காலத்தில் முழங்கால் தண்ணீரில் ஓட்டிய வண்டியின் தரைவிரிப்பைத் தூக்கிக் காயவைக்காவிட்டால், தகடு மேற்புறத்திலிருந்தும் அழுகத் தொடங்கும்.

ஏறிவிட்ட துருவுக்குப் பரிகாரம் செய்யுமுன் அதன் ஆழத்தை அறிய வேண்டும். அனுபவமுள்ள டிங்கர் வண்டியை லிஃப்டில் ஏற்றி, ஸ்குரூடிரைவரின் கைப்பிடியால் தட்டிக்கொண்டே போவார். நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும், செத்த தகடு சொத்தென்று அமுங்கும். மேலோடான துருவைக் கம்பி பிரஷாலும் எமரி காகிதத்தாலும் சுரண்டி, எண்ணெய்ப்பசை போகத் துடைத்து, சுரண்டியும் போகாத குழிகளில் பாஸ்பாரிக் அமிலமோ டானின் அமிலமோ கொண்ட மாற்றியைத் தடவலாம். டானின் இரும்போடு கூடிக் கருப்பாக மாறுவது, கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்து நம்மவர் மை காய்ச்சிய அதே இரசாயனம். உலர்ந்தபின் எபாக்சி பிரைமரும் மேற்பூச்சும் அடிக்க வேண்டும். துத்தநாகப் பிரைமரை அடிப்பதானால் வெற்று இரும்பின்மீதே அடிக்க வேண்டும். மாற்றியின் மேல் அடித்தால் இரும்புக்குப் பதிலாகத் தான் கரையும் அதன் தியாகம் வீணாகும்.

ஓட்டை விழுந்த இடத்தில் மருந்துக்கு வேலையில்லை; நல்ல உலோகம் தெரியும்வரை வெட்டி, புதுத் தகட்டைப் பற்றவைக்க வேண்டியதே. பிரிட்டனின் வருடாந்தர வாகனப் பரிசோதனையில், சஸ்பென்ஷன், சீட் பெல்ட் முதலியவை பொருந்தும் இடங்களிலிருந்து 30 சென்டிமீட்டருக்குள் தகடு கெட்டு வலுவிழந்திருந்தால் வண்டி தேறாது. அங்கே புட்டியும் கண்ணாடி நாரும் கொண்டு அடைத்ததை ஏற்பதுமில்லை. எஃகுப் பிரேக் குழாயில் துரு பொருக்காகத் தட்டினால் அதைச் சுரண்டிப் பூசிப் பார்ப்பது விபரீதம்; குழாயையே மாற்ற வேண்டும், கிடைக்குமானால் செம்பும் நிக்கலும் கலந்த குழாயாக.