தோஸ்த் முகமது எழுதின முன்னுரை

பாரசீகச் சிற்றோவியங்களில் ஒரு பெரிய தலைவலி உண்டு. படம் அபாரமா இருக்கும், வரைஞ்சவர் பேர் இருக்காது. கையெழுத்துப் போடுறதே அபூர்வம். அப்புறம் எப்படி இது சுல்தான் முகமது வரைஞ்சதுன்னு அடிச்சுச் சொல்றாங்க? நோண்டிக்கிட்டே போனா பாதி இடத்துல ஒரே ஆள்கிட்ட வந்து நிக்குது: தோஸ்த் முகமது.

மனுஷன் ஹெராத்காரர். சஃபாவி மன்னர் ஷா தஹ்மாஸ்ப் அரசவையில் எழுத்துக்கலைஞர். போர்டு எழுதுறவர்னு நினைச்சுடாதீங்க. அந்த அரசவைகளில் ஓவியரைவிட அழகா எழுதுறவருக்குத்தான் மரியாதை ஜாஸ்தி. ஷாவோட தம்பி பஹ்ராம் மிர்சாவுக்காக 1544-45 வாக்கில் ஒரு ஆல்பம் தொகுத்தார். பழைய ஓவியங்கள், எழுத்துகள், சீனப் படங்கள் எல்லாத்தையும் ஒட்டி, பல பக்கங்களில் இது இன்னார் கைவேலைன்னு தலைப்பும் எழுதி வச்சார். ஆல்பம் இப்போ இஸ்தான்புல் டோப்காபி அரண்மனையில் இருக்கு.

அதுக்கு அவர் எழுதின முன்னுரைதான் மேட்டர். குருவுக்கு அப்புறம் சிஷ்யன்னு எழுத்துக்கலைஞர்கள் பரம்பரை வரிசையா வருது. ஓவியர்கள்கிட்ட வரும்போது ஒரு சிக்கல். உருவம் வரையலாமான்னே மார்க்கத்தில் கேள்வி. இவர் சட்டம் பேசலை, கதை சொல்றார். ஆதாம் தன் வம்சத்தில் வரப்போற நபிமார்களைப் பாக்க ஆசைப்பட, இறைவனே அவங்க உருவங்கள் அடங்கின ஒரு பெட்டியை அனுப்பினாராம். அது கைமாறி, தானியேல் நபி அதைப் பாத்து நகலெடுத்தாராம். ஆக, உருவம் வரையிறதுக்கு வேர் எங்கே இருக்கு பாருங்க! வக்கீல் தோத்தார்.

அப்புறம் அபு சயீத் (1316–1335) காலத்து அஹ்மத் மூசா. இப்போ நடப்பில் இருக்கிற ஓவியமுறையைத் தொடங்கி வச்சவரே இவர்தான்கிறார். இவர் படம் போட்ட நூல்கள்ல ஒண்ணு கலீலா வ திம்னா. நம்ம பஞ்சதந்திரம்தான், சுத்தி சுத்திப் போய்ச் சேர்ந்தது.

எனக்கு மயிர்க்கூச்செறிஞ்ச இடம் வேற. சுல்தான் முகமதுவைப் புகழும்போது, ஷாநாமாவில் சிறுத்தைத் தோல் உடுத்தின ஜனங்களை அவர் வரைஞ்சதைக் குறிப்பாச் சொல்றார். அவ்வளவுதான், போற போக்குல ஒரு வாக்கியம். ஷா தஹ்மாஸ்புக்காக உருவான அந்த ஷாநாமாவில் 258 ஓவியங்கள். முதல் மன்னன் கயூமர்ஸின் மலை அரசவை, சுத்தி எல்லாரும் சிறுத்தைத் தோலில்! பாறைக்குள்ளே உத்துப் பாத்தா முகங்கள் ஒளிஞ்சிருக்கும். டொரண்டோ ஆகா கான் அருங்காட்சியகத்தில் இருக்கிற இந்தப் படத்தை சுல்தான் முகமதுவோடதுன்னு ஸ்டூவர்ட் கேரி வெல்ச் மாதிரி ஆட்கள் சொன்னதுக்குப் பிடிமானம் அந்த ஒத்தை வாக்கியம். அதை வச்சுத்தான் அவரோட மத்த படங்களையும் கண்டுபிடிச்சுக்கிட்டுப் போனாங்க.

பின்னாடி ஷாவுக்கே கலையில் ஆர்வம் வடிஞ்சுபோச்சு. மத்த எழுத்தர்களையெல்லாம் அனுப்பிட்டு இவரை மட்டும் வச்சுக்கிட்டார்னு காஜி அஹ்மத் எழுதுறார்.

கடைசியில் நடந்த கூத்துதான் தாங்கலை. காபூலில் முகலாயர் ஹுமாயூன்கிட்டே போய்ச் சேர்ந்த ஒரு ஓவியர் பேரும் தோஸ்த் முகமது. ஊர்ப்பட்ட பேரைக் காப்பாத்தின நம்ம ஆளையும் அவரையும் ஒரே ஆள்னு ரொம்ப நாள் குழப்பிக்கிட்டாங்க. ரெண்டு பேரும் வேற வேறன்னு ஷஹ்ரியார் அத்ல் 1993-ல் ஒரு கட்டுரையே எழுத வேண்டியதாச்சு.