பழைய மோரிஸ் மைனரின் உயரத்தைச் சரிசெய்வது எப்படி?

தாசேக் கெலுகோர்: தாத்தா ஓட்டிய மோரிஸ் மைனரைத் துரு நீக்கி, சாயம் பூசி முடித்த பிறகுதான் பலர் ஒரு குறையைக் கவனிப்பார்கள். வண்டி ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும். இது அழகு சார்ந்த குறை மட்டுமல்ல. உயரம் தவறினால் சக்கரக் கோணம் மாறும். ஸ்டீயரிங் ஒரு பக்கம் இழுக்கும். டயர் ஓரம் தேயும்.

எடையைத் தாங்குவது எது?

அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1948இல் வெளிவந்த இந்தக் காரின் முன்பக்கத்தில் சுருள் ஸ்பிரிங் கிடையாது. பக்கத்துக்கு ஒன்றாக நீளவாக்கில் கிடக்கும் எஃகுத் தண்டுகள் (டார்ஷன் பார்) முறுக்கேறி எடையைத் தாங்குகின்றன. பின்பக்கத்தில் இருப்பது பட்டை ஸ்பிரிங்.

செய்முறை

1. உயரத்தைத் தொடும் முன் முன்சக்கரத்தின் கீழ் டிரனியன் மரையைச் சோதியுங்கள். கிரீஸ் இல்லாமல் தேய்ந்திருந்தால், ஓடும்போதே கழன்று சக்கரம் மடங்கிவிடும்.

2. சமதரையில் நிறுத்தி, டயர் காற்றைச் சரிபார்த்து, நான்கு மூலைகளையும் அழுத்தி விட்ட பின் அளந்து குறித்துக்கொள்ளுங்கள்.

3. பின்பக்கத்தை முதலில் சரிசெய்யுங்கள். பட்டை ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் முன்பக்க அளவும் பொய்யாகும்.

4. கார் நிற்கும்போது தண்டு முறுக்கேறியிருக்கும். உடலை ஸ்டாண்டில் நிறுத்தி, கீழ்க்கரத்தை ஜேக்கால் தாங்கி, முறுக்கை மெல்ல இறக்கிய பிறகே கழற்றுங்கள்.

5. தண்டை ஒரு பல் நகர்த்தினால் உயரம் அதிகம் மாறும். நுண்ணிய திருத்தத்திற்குப் பின்முனை நெம்புகோலின் துளைகளைப் பயன்படுத்துங்கள். பழைய தண்டுகளை இடம், வலம் மாற்றிப் பூட்டாதீர்கள். ஒரே திசையில் முறுக்கிப் பழகியவை அவை.

6. ரப்பர் புஷ்களை வண்டி தரையில் நிற்கும்போது இறுக்குங்கள். தொங்கும் நிலையில் இறுக்கினால் விரைவில் கிழியும்.

7. சில நூறு கிலோமீட்டர் ஓடிய பின் மீண்டும் அளந்து, வீல் அலைன்மென்ட் பாருங்கள்.

மற்ற கார்கள்

வோக்ஸ்வேகன் பீட்டலின் பின்தண்டில் உள்முனைக்கு 40 பற்கள், வெளிமுனைக்கு 44. உள்ளே ஒரு பல் நகர்ந்தால் 9 பாகை. வெளியே எதிர்த்திசையில் ஒரு பல் நகர்த்தினால் சுமார் 8.2 பாகை குறையும். மிஞ்சும் 0.8 பாகையே நுண்ணிய திருத்தம். 1959இல் வந்த மினியில் ஸ்பிரிங்குக்குப் பதில் ரப்பர் கூம்பு. அது அமுங்கிப் போனால் புதியது மாற்றுவதே நல்லது.

தாழ்த்தலாமா?

தொழிற்சாலை உயரத்துக்குத் திருப்புவது பழுதுபார்ப்பு. அதற்கும் கீழே இறக்குவது மாற்றியமைப்பு. அந்த எண்ணம் இருந்தால், பட்டறைக்குப் போகும் முன் ஜேபிஜேயிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள். செலவு செய்து புதுப்பித்த வண்டி சோதனையில் நிற்கக் கூடாது.