கைப்பிடித் தையல் இயந்திரம்

தையல் இயந்திரம் பிறந்தபோதே பகையையும் சந்தித்தது. பார்த்தெலெமி திமோனியே என்னும் பிரெஞ்சுத் தையற்காரர் 1830இல் உரிமம் பெற்று அமைத்த இயந்திரங்களை, பிழைப்புப் போய்விடுமென அஞ்சிய பாரிசுத் தையற்காரர்கள் 1831இல் அடித்து நொறுக்கினர். அவர்தம் அச்சத்தைப் பழித்தல் எளிது. பசியறிந்தார்க்கே அது விளங்கும். 1846இல் அமெரிக்கரான எலியாஸ் ஹோவ் காப்புரிமை பெற்ற இயந்திரம் கையாற் சுழற்றப்பட்டது. 1851இல் காப்புரிமை பெற்ற ஐசக் சிங்கர் மிதிபலகையை வழக்கிற்குக் கொணர்ந்து இரு கைகளையும் விடுவித்தார். ஆயினும் கைப்பிடி மறையவில்லை. மேசையும் மிதிபலகையும் வாங்க இயலாதோர் தரையில் அமர்ந்து தைப்பதற்கு அதுவே உதவிற்று.

என் அன்னையாரின் சிங்கர் இயந்திரம் அத்தகையது. அதன் எண்ணுக்கு முன்னுள்ள 'எஃப்' என்னும் எழுத்து, ஸ்காட்லாந்தின் கிளைடுபேங்க் ஆலையிற் செய்யப்பட்டதைக் காட்டுவது. அவ்வாலை 1980இல் மூடப்பட்டது. அண்டை வீட்டாருக்கு இரவிக்கை தைத்த கூலியில்தான் என் பள்ளிச் செலவு நடந்தது. அன்னையார் மறைந்தபின் பரண்மேற் கிடந்து இறுகிவிட்டது. பழைய இரும்புக்கு எடைபோட்டுவிடுமாறு பலரும் கூறினர், நான் இசையவில்லை.

தூணிலுள்ள பெரிய திருகைக் கழற்றினால் கைப்பிடிப் பகுதி தனியே வந்துவிடும். பற்சக்கரங்களுக்கிடையே பழைய எண்ணெயும் நூற்பிசிறும் பிசினாய் உறைந்திருந்தன. மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் துலக்கி, ஈரமறத் துடைத்து, பற்களுக்குக் கிரீசும் அச்சுக்குத் தையல் மிஷின் எண்ணெயும் இட்டேன். சக்கரத்தை உந்தும் விரற்பகுதியில் தோல் தேய்ந்து கடகடவென்றது. புதுத் தோலை வெட்டிப் பொருத்தினேன்.

பிடி ஒருமுறை சுற்ற, ஊசி மும்முறை இறங்குகிறது. இப்பொழுது என் மகள் அதில் பாவாடைக்கு ஓரம் அடிக்கிறாள்.