வாங்கில் இருந்தவர்: மயாமி, 2010

2010 யூலை மாதத்தைக் கூடைப்பந்து பார்க்கிற ஆட்கள் லெப்ரோன் ஜேம்ஸை வைத்துத்தான் ஞாபகம் வைத்திருக்கிறார்கள். 8ஆம் திகதி தொலைக்காட்சியில் வந்து, கிளீவ்லாந்தை விட்டு மயாமி ஹீற் அணிக்குப் போகிறேன் என்றார். ரொரன்ரோவிலிருந்து கிறிஸ் பொஷ்ஷும் அங்கே போனார். டுவேன் வேட் ஏற்கெனவே மயாமிக்காரர். அதைப் பற்றி எழுதாத ஆளில்லை. அதற்கு அடுத்த சில நாட்களில் நடந்த ஒரு சின்ன முடிவைப் பற்றித்தான் நான் எழுதப் போகிறேன். இந்த மூன்று பேருக்கும் பின்னால் வாங்கில் இருந்து எழும்பி வரப்போகிற முன்கள வீரர் யார்? மைக்கல் பீஸ்லியா, யுடோனிஸ் ஹஸ்லமா?

பீஸ்லிக்கு அப்போது 21 வயது. 2008 புதுமுகத் தெரிவில் டெரிக் ரோஸுக்கு அடுத்ததாக இரண்டாவது இடத்தில் எடுக்கப்பட்டவர். கன்சாஸ் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் ஆட்டத்துக்குச் சராசரி 26 புள்ளிகள் எடுத்தவர். 2009-10 பருவத்தில் மயாமியில் தொடக்க ஐவரில் ஒருவராக ஆடி, சராசரி 14.8 புள்ளிகள் எடுத்தார். அதே பருவத்தில் ஹஸ்லம் அவருக்குப் பின்னால் வாங்கில்தான் இருந்தார்.

ஹஸ்லம் மயாமியிலேயே பிறந்தவர். 2002இல் எந்த அணியும் அவரைத் தெரிவு செய்யவில்லை. பிழைப்புக்காக அவர் வந்து சேர்ந்தது எங்கே தெரியுமா? நான் இருக்கிற இந்தப் பிரான்சுக்குத்தான்! பேர்கண்டிப் பக்கம் ஷாலோன் என்ற ஊர் அணிக்கு ஒரு பருவம் ஆடினார். அந்தக் காலத்தில் உடம்பையும் நன்றாகக் குறைத்துக்கொண்டு 2003இல் மயாமிக்குத் திரும்பினார். 2006இல் மயாமி முதல்முறை கிண்ணம் வென்றபோது, டலஸ் அணிக்கெதிரான கடைசி ஆட்டத்தில் 17 புள்ளிகளும் 10 மீள்பந்துகளும் எடுத்தார்.

இரண்டு பேரையும் வைத்திருந்தால் என்ன என்று கேட்பீர்கள். காசு இடம் கொடுக்கவில்லை. அந்தப் பருவத்தில் ஓர் அணியின் சம்பள எல்லை 58 மில்லியன் டொலர். மூன்று நட்சத்திரங்களுக்கே அதில் பெரும் பகுதி போய்விடும். பீஸ்லியின் சம்பளம் ஏறத்தாழ 5 மில்லியன். கம்பஸில் நான் படித்த கொஞ்சப் பொருளியலில் இன்றைக்கும் மறக்காத ஒரு சொல் அமையச் செலவு. ஒன்றை எடுத்தால் அதற்காக எதை விடுகிறாய் என்பதுதான் அதன் உண்மையான விலை. பீஸ்லியை வைத்திருப்பதன் விலை ஹஸ்லம்.

மயாமி பீஸ்லியை மினசோட்டாவுக்கு அனுப்பியது. பதிலாகக் கிடைத்தது இரண்டு இரண்டாம் சுற்றுத் தெரிவுகள் மட்டுமே. கிட்டத்தட்ட இலவசம். ஜேம்ஸ், வேட், பொஷ் மூவரும் கூடியபட்ச சம்பளத்தை விடக் குறைவாக வாங்கச் சம்மதித்தார்கள். ஹஸ்லம் ஐந்து வருடத்துக்கு 20 மில்லியனுக்குக் கையெழுத்து வைத்தார். வெளியில் அவருக்கு 34 மில்லியன் அளவில் கேள்வி இருந்ததாக அப்போது செய்தி வந்தது.

புள்ளிக் கணக்குப் பார்த்தால் இது முட்டாள்தனம். மினசோட்டாவில் அடுத்த பருவமே பீஸ்லி சராசரி 19 புள்ளிகள் எடுத்தார். ஆனால் மயாமிக்குப் புள்ளி எடுக்கிறவர் தேவைப்படவில்லை. பந்தைக் கையில் கேட்கிற மூன்று பேர் இருக்கிற இடத்தில் நாலாவது ஆள் பந்தைக் கேட்காதவராக இருக்க வேண்டும். மீள்பந்து எடுக்க வேண்டும், மறித்து நிற்க வேண்டும், எதிரணியின் பெரிய ஆளோடு மல்லுக்கட்ட வேண்டும். ரெஸ்ரோரண்ட் குசினியில் நிற்கிறவர்களுக்கு இது விளங்கும். மூன்று செஃப் இருக்கிற குசினிக்கு நாலாவது செஃப் வந்தால் சண்டைதான் வரும். கோப்பை கழுவுகிறவர் ஒருநாள் வராவிட்டால் குசினியே நின்றுவிடும்.

முடிவு உடனே பலன் தரவில்லை. 2010 நவம்பரில் ஹஸ்லத்தின் கால் பாதத்தில் தசைநார் கிழிந்தது. அடுத்த மே மாதம்தான் திரும்பினார். 2011 இறுதித் தொடரில் மயாமி தோற்றது. 2012இல் இந்தியானாவிடம் 2-1 என்று பின்தங்கி நின்றபோது, நாலாவது ஆட்டத்தில் கண்ணுக்கு மேலே காயத்துக்குக் கட்டுப் போட்டுக்கொண்டு வந்து ஹஸ்லம் எடுத்த 14 புள்ளிகள் பெரிய உதவி. அந்த வருடம் கிண்ணம், 2013இலும் கிண்ணம். 2012 நவம்பரில் அலோன்சோ மோர்னிங்கைத் தாண்டி மயாமியின் வரலாற்றில் அதிக மீள்பந்து எடுத்தவரானார்.

பீஸ்லியைக் குறை சொல்ல நான் எழுதவில்லை. 21 வயதுப் பிள்ளையை மூன்று நட்சத்திரங்களுக்காகக் கழற்றிவிட்டார்கள். 2013இல் மயாமியே அவரைத் திரும்பக் கூப்பிட்டு, அதே வாங்கில் இருத்தியது. பிளேஓஃப் ஆட்டங்களில் அவருக்கு நேரம் கிடைத்தது மிகக் குறைவு.

இன்னொரு கேள்வியும் நியாயமானது. ஹஸ்லம் தன் கடைசி ஏழு பருவங்களில் மிகச் சில ஆட்டங்களே ஆடினார். 2020-21இல் ஒரே ஒரு ஆட்டம், அதுவும் மூன்று நிமிடம்கூட இல்லை, அதற்குள் சண்டை பிடித்து வெளியேற்றப்பட்டார்! 15 பேர் பட்டியலில் ஓர் இளைஞனின் இடத்தை அவர் பிடித்து வைத்திருந்தாரா? அதே வருடங்களில்தான் யாரும் தெரிவு செய்யாத டங்கன் ரொபின்சன், மக்ஸ் ஸ்ட்ரூஸ், கேப் வின்சன்ற் மூவரையும் மயாமி வளர்த்தெடுத்தது. 2023 இறுதித் தொடருக்கு மூவரும் ஆடிப் போனார்கள். அவர்களைப் போலவே வந்த ஒருவர் அதே வாங்கில் இருந்ததற்கு இதில் பங்கில்லை என்று நான் நம்பமாட்டேன்.

20 பருவமும் ஒரே அணிக்கு ஆடி 2023இல் ஓய்வு பெற்றார். அப்படி 20 பருவம் ஒரே அணிக்கு ஆடியவர்கள் கோபி பிரையன்ற், டேர்க் நொவிற்ஸ்கி, ஹஸ்லம் மட்டும்தான். 2024 ஜனவரியில் அவருடைய 40ஆம் இலக்கச் சட்டையை அரங்கத்தின் கூரையில் தொங்கவிட்டார்கள். அணி நிர்வாகத்தில் பதவியும் கொடுத்தார்கள்.

எல்லோரும் இதை விசுவாசத்தின் கதை என்கிறார்கள். சரி, ஆனால் அந்த விசுவாசத்துக்கு 14 மில்லியன் கட்டியது அணியல்ல, ஹஸ்லம். 2016இல் சம்பளப் பேச்சு சரிவராமல் வேட் சிக்காகோவுக்குப் போனதையும் மறக்கக் கூடாது. யாரை வைத்திருப்பது என்று முதலாளி கணக்குப் பார்க்கும்போது, தன் பங்கை விட்டுக்கொடுத்து அந்தக் கணக்கைச் சரிவரச் செய்கிற ஒருவர் எப்போதும் வாங்கில்தான் இருக்கிறார். மயாமி செய்த நல்ல காரியம், அப்படிப்பட்டவர் யார் என்பதை ஒரு தரமாவது சரியாக அடையாளம் கண்டதுதான். அநேகமான இடங்களில் அவர் போன பிறகுதான் தேடுவார்கள்.