கண்ணாடி தேய்த்த தொழிலாளர்

ஐக்கிய அமெரிக்காவின் வெர்மாண்ட் மாநிலத்தில் ஸ்பிரிங்ஃபீல்ட் என்றொரு சிற்றூர் உண்டு. கடைசல் இயந்திரம் செய்யும் ஆலைகளால் பெயர் பெற்றது. அங்கே 1920ஆம் ஆண்டு ரஸ்ஸல் போர்ட்டர் என்பவர் ஒரு வகுப்புத் தொடங்கினார். ஆர்க்டிக் பனிப்பிரதேசங்களில் அலைந்து வந்தவர் அவர். 15 ஆடவரும் ஒரு பெண்மணியும் மாணாக்கராயினர். பெரும்பாலோர் ஆலைத் தொழிலாளர். நல்ல தொலைநோக்கியின் விலை அவர்தம் ஊதியத்துக்கு எட்டாதது. ஆகவே, தாமே செய்துகொள்ள முற்பட்டனர்.

வேலை எளிதன்று. இரண்டு வட்டக் கண்ணாடிகளை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து, இடையே கார்போரண்டம் பொடியும் நீரும் இட்டுப் பல மணி நேரம் தேய்க்க வேண்டும். மேற்கண்ணாடி மெல்ல மெல்லக் குழியும். பின்னர்க் கீல் பரப்பில் மெருகேற்ற வேண்டும். சிறு விளக்கும் ஒரு கத்தி விளிம்பும் இருந்தால், மயிரிழையில் ஆயிரத்தில் ஒரு பங்கான பிழையும் கண்ணுக்குப் புலப்பட்டுவிடும். நுண்ணளவுக்குப் பழகிய ஆலைக் கைகளுக்கு அது ஏற்ற பணி. ஆசிரியத் தொழிலில் முதிர்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: மாணாக்கர் அறிந்ததிலிருந்தே பாடத்தைத் தொடங்கத் தெரிந்தவர் போர்ட்டர்.

1923இல் சங்கம் அமைந்தது. மறு ஆண்டு குன்றின்மேல் 'ஸ்டெல்லஃபேன்', அதாவது விண்மீன் கோயில், என்னும் மன்றத்தைக் கட்டினர். அதற்கு இளஞ்சிவப்பு வண்ணம். வானம் பார்க்கும் இடத்துக்குச் சற்று விந்தையான வண்ணந்தான்! 1925இல் ஆல்பர்ட் இங்கால்ஸ் அங்கு வந்து கண்டு, 'சயன்டிஃபிக் அமெரிக்கன்' இதழில் எழுதினார். அதைப் படித்து நாடெங்கும் பலர் கண்ணாடி தேய்க்கத் தொடங்கினர். 1926இல் முதல் மாநாடு கூடியது.

1928இல், பின்னாளில் பலோமார் மலையில் அமைந்த 200 அங்குலத் தொலைநோக்கியின் பணிக்காகப் போர்ட்டர் கலிபோர்னியா சென்றார். சங்கம் அவரின்றியும் நடந்தது. தாமே செய்த கருவிகளைச் சுமந்துகொண்டு அன்பர்கள் இன்றும் கோடை மாநாட்டுக்கு அந்தக் குன்றேறுகிறார்கள்.