ஹார்ட் டிஸ்கைப் பக்குவம் செய்த வரலாறு

இன்று தம் இல்லத்து சர்வரில் புதியதொரு ஹார்ட் டிஸ்கைச் சேர்க்க விழைவோர் நான்கு திருகாணிகளை முறுக்கி, இரண்டு கேபிள்களைச் செருகி, லினக்ஸில் சில கட்டளைகளை அடித்துவிட்டுக் காரியம் முடிந்ததென்று எழுந்துவிடுகிறார்கள். வெறும் காந்தப் பூச்சோடு பிறக்கும் ஒரு தகட்டை எழுதவும் படிக்கவும் தகுந்ததாக்கும் வேலையில் பெரும்பகுதி முன்னாளில் உடைமைக்காரர் தலையிலேயே இருந்தது என்பதை அவர்களில் அநேகர் அறியார்.

1952-இல் கலிபோர்னியாவின் சான் ஹோசே நகரில் ஐ.பி.எம். கம்பெனி தொடங்கிய சிறிய ஆராய்ச்சிக்கூடத்திற்குத் தலைவராக வந்த ரெனால்ட் ஜான்சன் முன்பு பள்ளிக்கூட ஆசிரியராக இருந்தவர். அவருடைய குழுவினர் 24 அங்குல அலுமினியத் தகடுகளுக்கு இரும்பு ஆக்சைடு பூசுவதற்குக் கண்ட உபாயம் விசித்திரமானது: பூச்சுக் குழம்பைப் பெண்கள் அணியும் பட்டுக் காலுறையில் வடிகட்டி, காகிதக் கோப்பையில் அளந்து, சுழலும் தகட்டின் உட்புறத்தில் ஊற்றினால், அது வெளிநோக்கிப் பரவிச் சமமாகப் படிந்தது. இப்படிப் பூசிய 50 தகடுகளை ஒரே அச்சில் கோத்து, நிமிஷத்துக்கு 1,200 முறை சுழலவிட்டு, 1956-இல் வெளியிட்ட ராமாக் யந்திரத்தின் டிஸ்க் பகுதி ஏறத்தாழ ஒரு டன் எடையிருந்தும் 50 லட்சம் எழுத்துக்களையே கொண்டது. முழு யந்திரத்துக்கு மாதம் 3,200 டாலர் வாடகை கொடுத்தவர்களுக்கு அதைப் பக்குவப்படுத்தும் கவலை இல்லை; கம்பெனியின் பொறியாளரே வந்து பார்த்துக்கொண்டார்.

அந்தக் கவலை சாமானியருக்கு வந்து சேர்ந்தது 1980-க்குப் பின்னர்தான். அவ்வாண்டில் சீகேட் நிறுவனத்தார் 5 மெகாபைட் கொள்ளும் எஸ்.டி.-506 என்னும் சிறிய டிஸ்கைக் கொண்டுவர, 1983-இல் ஐ.பி.எம்.மின் எக்ஸ்.டி. கணினியினுள் 10 மெகாபைட் டிஸ்க் அமர, டிஸ்க் வேறாகவும் அதை ஆளும் கன்ட்ரோலர் அட்டை வேறாகவும் இருந்த அக்காலத்தில், இரண்டையும் இணைத்தவரே தடங்களைத் தகட்டின்மேல் வரைந்தாக வேண்டியிருந்தது. லோ-லெவல் பார்மட் என்று அதற்குப் பெயர். டீபக் என்னும் நிரலைத் திறந்து, அட்டைக்குள் உறையும் கட்டளைத் தொகுதியை 'ஜி=சி800:5' என்று அழைத்தால், அது இன்டர்லீவ் எத்தனை என்று வினவும். தடமொன்றுக்குச் செக்டார் என்னும் துண்டுகள் 17. தகடோ நிமிஷத்துக்கு 3,600 முறை சுழல்வது. ஒரு செக்டாரைப் படித்து முடித்து அடுத்ததற்கு ஆயத்தமாவதற்குள் அது தலையைக் கடந்து போய்விடுமாதலால், அடுத்தடுத்த எண்களைத் தகட்டில் இடைவிட்டு இட வேண்டியிருந்தது; இன்டர்லீவ் என்பது அதுவே. எண்ணிக்கையைக் குறைத்துக் கொடுத்தவர் ஒவ்வொரு செக்டாருக்கும் ஒரு முழுச் சுற்றுக் காத்திருக்கும் தண்டனையை, மறுபடி லோ-லெவல் பார்மட் செய்யும்வரை அனுபவித்தார்.

இதனினும் சுவையானது டிஸ்கின் மேலே ஒட்டியிருந்த சீட்டு. எந்தச் சிலிண்டரில், அதாவது தடத்தொகுதியில், எந்தத் தலையின் கீழ் பூச்சுப் பழுதுற்றிருக்கிறது என்று தொழிற்சாலையில் சோதித்து எழுதிய பட்டியல் அது. ஒவ்வொரு டிஸ்கும் தன் தோஷங்களை எழுதிய ஜாதகத்தோடுதான் வந்தது. அவற்றை ஒவ்வொன்றாகத் தட்டச்சு செய்து அவ்விடங்களை விலக்குவது உடைமைக்காரரின் கடமை. உஷ்ணத்தால் உலோகம் விரிந்து தடம் விலகுமென்பதால், யந்திரத்தைச் சிறிது நேரம் ஓடவிட்டுச் சூடேற்றிய பின்பே, அதுவும் டிஸ்க் எந்த நிலையில் கிடந்து உழைக்கப் போகிறதோ அந்த நிலையில் வைத்தே, பார்மட் செய்ய வேண்டுமென்பது அனுபவஸ்தர்களின் விதியாயிருந்தது.

ஐ.டி.இ. முறை வந்து கன்ட்ரோலரே டிஸ்கினுள் புகுந்ததும் இவ்வளவும் தொழிற்சாலைக்குத் திரும்பின, சீட்டும் மறைந்தது. பழுதுகள் மறைந்துவிடவில்லை, டிஸ்கே அவற்றை ரகசியமாகக் குறித்துக்கொண்டு மாற்றிடம் கொடுக்கிறது. இது சௌகரியந்தான்; ஆயினும் பழுதை அறிவித்து விற்ற பழைய வழக்கமே அதிக நாணயமானது என்பது என் கட்சி.

எஞ்சிய பணிகளிலும் பழைய காலத்தின் எச்சங்கள் தென்படுகின்றன. 1983-இல் டாஸ் 2.0-உடன் வந்த பார்ட்டிஷன் அட்டவணை நான்கு பிரிவுகளையே ஏற்கும். 512 பைட் செக்டார்களை 32 பிட்டுகளில் எண்ணுவதால் ஏறத்தாழ 2 டெராபைட்டோடு நின்றுவிடும். இன்றைய பெரிய டிஸ்குகளுக்கு ஜி.பி.டி. அட்டவணை வேண்டியிருப்பது அதனால்தான். லினக்ஸின் எக்ஸ்ட்4 கோப்பு முறைமையை அமைக்கும்போது நூற்றுக்கு 5 பங்கை நிர்வாகியான ரூட்டுக்கென்று ஒதுக்குவதும் அவ்வாறு வந்த வழக்கமே. சினிமாவும் புகைப்படமும் வைக்கும் டிஸ்கில் அது வீண், குறைத்துவிடலாம். லினக்ஸ் டிஸ்குகளுக்கு இடும் எஸ்.டி.பி. போன்ற பெயர்கள் மறுதொடக்கத்தில் இடம் மாறக்கூடுமாகையால், டிஸ்குகளை இணைக்கும் விவரமுள்ள எப்ஸ்டாப் கோப்பில் மாறாத யூ.யூ.ஐ.டி. எண்ணையே எழுதுவது உத்தமம்.

சீட்டு ஒட்டாத இக்காலத்தில் தோஷம் பார்க்கும் பொறுப்பு வாங்கியவருடையதே. பேட்பிளாக்ஸ் நிரலின் எழுதும் சோதனை டிஸ்க் முழுவதும் நான்கு விதமாக எழுதிப் படித்துப் பார்க்கும். பெரிய டிஸ்கில் நாட்கணக்கில் ஓடும். உள்ளிருப்பதை அடியோடு அழித்துவிடும். ஆகவே வாசகர்கள் அதனை டிஸ்க் வெறுமையாய் இருக்கும்போதே ஓட்டி, பின்னர் டிஸ்க் தன் நிலையைக் குறித்துவைக்கும் ஸ்மார்ட் பதிவில் மாற்றிடம் பெற்ற செக்டார்களின் எண்ணிக்கை ஏறியிருக்கிறதா என்று பார்த்து, ஏறியிருந்தால் உத்தரவாதக் காலம் கழியுமுன் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்துவிடுக.